காலியாக விட்ட மூன்றாவது கண்ணி

போன சனிக்கிழமை ஹைதராபாத் கச்சிபௌலியில், உங்கள் அபார்ட்மென்ட் கிளப் ஹவுஸில் உட்கார்ந்து சங்குப் பாட்டை ரெக்கார்டு செய்வது பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். உங்களில் ஒருவர் கேட்டார், "ஆன்ட்டி, லிரிக்ஸ் யாருன்னு போடணும்? முழுக்க உங்க பேர்தானே?" நான் வாயைத் திறப்பதற்குள் பீட்சா வந்துவிட்டது. பீட்சா வந்த பிறகு பாட்டாவது, பாட்டைக் கட்டியவராவது. எல்லோரும் எழுந்து போய்விட்டீர்கள். மறைப்பானேன், நானும்தான் போனேன்.

ஆனால் அந்தக் கேள்வி என்னோடு கேப்பில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டது. டிராபிக்கில் கண்ணை மூடினால் அதுவே வந்து நின்றது. ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாத கேள்வி. நீங்கள் இனிமேல்தான் ஊர் ஊராகப் பாடப் போகிறீர்கள். எனக்குத் தொண்டை டாக்டர் "போதும்மா" என்று சொல்லி, ஊர் சுற்றுவது நின்றுபோனது. ஆகவே கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். மைக்கை எவ்வளவு தள்ளிப் பிடிப்பது, எந்தத் தந்தி நன்றாக இருக்கும் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் மேடையில் விழித்துக்கொண்டு நிற்கும் கொஞ்ச நேரம் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் எனக்கு ஏதோ தெரியும்.

நான் ரயில்வே காலனிப் பெண். தாத்தா காலத்தில் அரக்கோணத்திலிருந்து இந்த ஊருக்கு ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்த குடும்பம். வீட்டுக்குள் "இன்னா", வாசற்படி தாண்டினால் ஹைதராபாத் உருதுவில் "ஹவ்", "நக்கோ", "கைக்கு", அதாவது ஆமாம், வேண்டாம், எதுக்கு. காலனியில் பொழுதை விடிய வைப்பது சூரியன் இல்லை, ஒர்க்‌ஷாப் சங்குதான். சங்கு ஊதினால் அப்பா எழுந்துவிடுவார், அம்மா அடுப்பைப் பற்றவைப்பாள், நாய்கள்கூட எழுந்து சோம்பல் முறிக்கும். நான் மட்டும் எழுந்திருக்க மாட்டேன். அம்மாவுக்கு நான் கும்பகர்ணி. உண்மையில் எனக்குத் தூக்கத்தைவிடக் கனவின் மேல்தான் ஆசை. எனக்கு வரும் கனவுகள் நீளமானவை, சாவகாசமானவை. நல்ல கட்டத்துக்கு வந்து நிற்கும், பார்த்தால் சங்கு ஊதிவிடும்.

அந்தக் கோபம் ரொம்ப வருடம் கழித்துப் பாட்டாக வந்தது. என் பாட்டெல்லாம் பாதித் தூக்கத்தில் வந்தவைதான். சைடு லோயர் பெர்த்தில் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொள்வேன். முன்னால் ஒரு ஊரில் பாடியது காதில் இருக்கும், அடுத்த ஊர் இன்னும் வந்திருக்காது. வெளியே ஏதோ ஒரு குளம், ஏதோ ஒரு லெவல் கிராசிங்கில் காத்திருக்கும் ஸ்கூட்டர்காரர், அவருக்குப் பின்னால் மஞ்சள் வெயில். தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்று தெரியாது. அந்த மாதிரி ஒரு பிற்பகலில் வந்த பாட்டு இது. உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

சங்கே சங்கே பொறு சங்கே
சத்தம் இப்ப போடாதடி
பாதிக் கனவுல நிக்கிறேன் நான்
பாக்கி இன்னும் இருக்குதடி

தெருக் கொழாயில் தண்ணி வந்து
தெறிச்சு ஊத்தி ஓடுதடி
குடம் நெறைய வெரக்கடைதான்
கொறையா நிக்குது பொறுத்துக்கடி

ரயிலு வந்து வாசலிலே
ரகசியமா நிக்குதடி
ஜன்னலோர சீட்டு ஒண்ணு
எனக்கே எனக்கா இருக்குதடி

பல்லவியும் இரண்டு கண்ணியும், இத்தோடு என் சரக்கு முடிந்தது. மூன்றாவது கண்ணி வரவே இல்லை. கண்ணி என்று நான் சொல்வது பாட்டின் ஒரு சுற்றை. நீங்கள் 'வெர்ஸ்' என்பீர்கள்.

இங்கே பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னோடு கடைசிவரை டோலக் வாசித்தவர், காலனியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. என்னைவிடச் சின்னவர். "ஆபா" என்றுதான் கூப்பிடுவார், அக்கா என்று அர்த்தம். கம்பெனி, மேனேஜர், சினிமா சான்ஸ் எதுவும் இல்லாமல், பக்கத்து பிளாக் ஆங்கிலோ-இந்தியன் வீட்டில் வாங்கிய பழைய கிடாரோடு நான் ஊர் சுற்றியபோது உடன் வந்த ஒரே ஆள். வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே வருவார். அவருடைய அம்மா கல்யாண வீடுகளில் டோலக் வைத்துக்கொண்டு பாடுகிறவர். ஹைதராபாத்தில் அந்தப் பாட்டுகளைக் கேட்டிருப்பீர்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சம்பந்தி வீட்டை ஓட்டு ஓட்டென்று ஓட்டுவார்கள். அதில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டில் ஓரிடத்தைக் காலியாகவே வைத்திருப்பார்கள். எந்த வீட்டுக் கல்யாணமோ, அந்த வீட்டு மாமியாரை அதில் பிடித்து உட்கார வைப்பார்கள். அதனால் பாட்டு எப்போதும் அன்றைக்குச் சமைத்ததாக இருக்கும்.

மூன்றாவது கண்ணி வரவில்லை என்று நான் புலம்பியபோது பாய், "வரலேன்னா உடு. எங்கம்மா மாதிரி காலியா வெச்சுக்கோ" என்றார். அப்படியே செய்தேன். ஒவ்வொரு ஊரிலும் இரண்டு கண்ணி பாடிவிட்டு நிறுத்துவேன். "சங்கு ஊதும்போது நீங்க இன்னா கனவுல இருந்தீங்க?" என்று கூட்டத்தைக் கேட்பேன். யாராவது சொல்வார்கள். பாய் டோலக்கில் ஒரு சுற்று வாசிப்பதற்குள் அதைப் பாட்டாகக் கட்டிவிட வேண்டும். ஜோலார்பேட்டையில் ஒருவர், தண்டவாளத்தில் பூ பூத்திருந்ததாகச் சொன்னார். பாலாநகரில் ஒரு பெரியவர், தன் லேத் மெஷினுக்குச் சளி பிடித்துக்கொண்டு தும்மிக்கொண்டே இருந்ததாம். கச்சிபௌலியில் உங்கள் வகை ஆள் ஒருவர், போன் சார்ஜ் குறையவே இல்லை என்று கனவு கண்டாராம். அவரவர் கஷ்டம் அவரவருக்கு.

சில ஊர்களில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அதற்காகவே ஒரு கண்ணியைக் கட்டித் தயாராக வைத்திருந்தேன். பாக்கெட் கண்ணி என்று பெயர்.

சூப்பர்வைசரு என் வீட்டுக்கு வந்து
சோத்து டப்பா கழுவுறாரு
சோப்பு இன்னும் போடலடி
சும்மா கொஞ்சம் இருந்துக்கடி

இதைப் பாடினால் போதும், விசில் பறக்கும். எந்தச் செத்த கூட்டமும் எழுந்து உட்காரும். உங்களிடமும் இப்படி ஒன்று இருக்கும். இல்லையென்றால் சீக்கிரம் வந்துவிடும். அதைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதே ஹைதராபாத்தில், மல்லாபூரில் ஒரு கம்பெனி. ஆரஞ்சு நிறத்தில் பெரிய கேட். பேக்கிங் பகுதியில் நம் ஊர்ப் பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆயுத பூஜைக்கு மெஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, சாயங்காலம் தமிழ்ப் பாட்டு வைக்க வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தார்கள். பாதுகாப்பு என்று சொல்லி, வீட்டு ஆட்களை உள்ளே விடவில்லை. வேலை செய்கிறவர்கள் மட்டும்தான். சாம்பிராணிப் புகை அந்தப் பெரிய ஷெட்டின் கூரைவரை எழும்பி அங்கேயே தங்கியிருந்தது. சத்தமே போடாத மெஷின்களுக்கு நடுவில், நல்ல புடவை கட்டிய பெண்கள் மடியில் பொரிப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அந்த இடமே ஒரு கனவுக்குள் இருப்பதுபோலத் தோன்றியது. அதனால்தான் ஏமாந்தேன்.

சங்குப் பாட்டு நன்றாகப் போயிற்று. தண்ணீர்க் கண்ணிக்குச் சிரித்தார்கள், ரயில் கண்ணிக்குத் தாளம் போட்டார்கள். நிறுத்தினேன். "சங்கு ஊதும்போது நீங்கல்லாம் இன்னா கனவுல இருந்தீங்க? சொல்லுங்க" என்றேன்.

ஒருவரும் பேசவில்லை.

கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பொரியை மெல்லும் சத்தம்கூட நின்றுவிட்டது. எல்லோரும் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உங்களுக்கும் ஒருநாள் இது வரும். பாடுகிறவருக்குக் கூட்டத்தின் அமைதியைப் போலப் பயம் தருவது எதுவுமில்லை. கல்லெறிந்தால்கூட நகர்ந்துகொள்ளலாம். கை தானாகப் பாக்கெட் கண்ணிக்குப் போயிற்று. கிடாரைத் தட்டி, "சூப்..." என்று வாயைக் குவித்தும்விட்டேன்.

"நக்கோ ஆபா" என்றார் பாய். வேண்டாம் என்று. மெல்லத்தான் சொன்னார், ஆனால் கையை டோலக்கில் ஓங்கிப் போட்டார். என் வார்த்தை அதற்குள் அமுங்கிப் போயிற்று. மூன்றாவது கண்ணி முழுவதையும் டோலக் மட்டுமே வாசித்தது. சொல் இல்லாத ஒரு முழுச் சுற்று. நான் கிடாரைப் பிடித்துக்கொண்டு பொம்மையாட்டம் நின்றேன். சுற்று முடிந்ததும் பல்லவியைப் பாடி இறங்கிவிட்டேன். கைதட்டினார்கள். பூஜை வீட்டில் மரியாதைக்குத் தட்டுகிற அளவுக்குத் தட்டினார்கள்.

பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போகும்போது பாயைப் பிடிபிடி என்று பிடித்தேன். "கைக்கு? எதுக்கு என் வாயை அடச்ச? மானம் போச்சு!"

"ஆபா, முன்னாடி சேர்ல உக்காந்திருந்த ஆளப் பாத்தியா?"

"யாரு, மாலை போட்டுக்கினு இருந்தாரே, அவரா?"

"ஹவ். அவருதான் பேக்கிங் சூப்பர்வைசர். அவர் முன்னாடி சங்கு ஊதற வரைக்கும் தூங்கறேன்னு யார் சொல்லுவாங்க? நீ டப்பா கழுவ வெச்சுட்டு பஸ் ஏறிடுவே. நாளைக்கு யார் உள்ளே போவாங்க, நீயா?"

கூட்டத்தில் நான் எல்லோரையும் பார்த்தேன், ஒருவரையும் பார்க்கவில்லை. கம்பெனிக்குள்ளேயே நின்றுகொண்டு கம்பெனிச் சங்கைத் திட்டச் சொல்லிக் கேட்ட புத்திசாலி நான். இருந்தாலும் அந்தக் காலிச் சுற்று நெடுநாள் உறுத்தியது. அந்த ஊரில் பாட்டு தோற்றுவிட்டது என்றே நினைத்தேன். மல்லாபூர் பக்கம் போனால் ஆரஞ்சு கேட் வரும் இடத்தில் வேண்டுமென்றே தூங்கிவிடுவேன்.

அப்புறம் வருடங்கள் ஓடின. என் தலை நரைத்தது, பாய்க்கு முழங்கால் போயிற்று. நான் நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் அதே மல்லாபூரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் பாடக் கூப்பிட்டார்கள். பெண் பெயர் திவ்யா. உங்களைப் போலவே கச்சிபௌலியில் வேலை, கம்பெனி ஷட்டிலில் போய்வருகிற பெண். அம்மா இல்லை, திவ்யா ஒன்பதாவது படிக்கும்போது காய்ச்சலில் போய்விட்டாள். சேலத்திலிருந்து வந்து வளர்த்தவள் சித்தி. அவள்தான் யாரிடமோ கேட்டு எங்களை வரவழைத்திருந்தாள். எங்களைப் பற்றி அவளுக்கு வேறொன்றும் தெரியாது. மாப்பிள்ளை வீட்டார் கோயம்புத்தூர்க்காரர்கள், இங்கே வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பாட்டு. நாங்கள் மேடை ஓரத்தில் உட்கார்ந்து தாளம் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். சித்தி வந்து, "நீங்க ஆரம்பிக்கறதுக்கு முன்ன புள்ள ஒரு பாட்டுப் பாடணும்ங்கறா. அவங்கம்மா பாட்டு" என்றாள். பாடட்டுமே என்றேன்.

திவ்யாவுக்குத் தமிழ் புரியும், பேச வராது. இங்கே படித்த பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான். மைக்கைப் பிடித்துத் தெலுங்கும் இங்கிலீஷுமாகச் சொன்னாள். தன் அம்மா தானே கட்டிய பாட்டு இது. வேலையிலிருந்து வந்து தனக்குத் தலை வாரிவிடும்போது பாடுவாள். அம்மாவின் போட்டோகூட ரேஷன் கார்டில் இருந்து பெரிதாக்கியதுதான், அம்மாவுடையது என்று தன்னிடம் இருப்பது இந்தப் பாட்டு ஒன்றுதான். எனக்குத் தெலுங்கு தெரியும், எல்லாம் புரிந்தது. பிறகு அவள் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள்.

சங்கே சங்கே பொறு சங்கே...

பாயின் கை டோலக்கின் மேல் அப்படியே நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது கோபம்தான். பெற்ற பிள்ளையை இன்னொருத்தி தன் பிள்ளை என்று இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் வருமே, அந்தக் கோபம். ஒரு விரல் அகலத்தை வெரக்கடை என்பது எங்கள் வீட்டு வார்த்தை. ஜன்னலோர சீட்டு என்னுடையது. ஒரு சொல்லும் பிசகாமல் தெலுங்கு ராகத்தில் இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். இரண்டாவது கண்ணி முடிந்தது. சரி, இத்தோடு நிறுத்துவாள் என்று நினைத்தேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே பாடினாள்.

எங்கனவு போனாப் போகுதடி
எழுந்து நானும் வந்துட்டேன்டி
எம்புள்ள இன்னும் தூங்குறாடி
எட்டி நின்னு ஊதிக்கடி

பிள்ளைகளே, அந்தப் பாட்டை நான் எத்தனை ஊரில் பாடியிருப்பேன். எத்தனை பேர் எத்தனை கனவு கொடுத்திருப்பார்கள். எல்லோரும் தங்கள் கனவைத்தான் காப்பாற்றச் சொன்னார்கள், நான் உட்பட. எழுந்து வேலைக்கு வந்துவிட்டு, இன்னொருத்தி தூங்கட்டும், நீ எட்டிப் போய் ஊது என்று சங்கிடம் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

கூட்டம் கைதட்டி முடிப்பதற்குள் மாப்பிள்ளையின் சித்தப்பா பெண், காலேஜ் படிக்கிறவள், குதித்துக்கொண்டு மேடைக்கு வந்தாள். அவள் மேல் தப்பில்லை, வெறும் உற்சாகம். "ஆன்ட்டி, இது உங்க பாட்டாச்சே! கோயம்புத்தூர்ல நீங்க பாடுனது என்கிட்ட வீடியோவே இருக்கு" என்று போனை மைக் பக்கத்தில் வைத்து அமுக்கிவிட்டாள். ஹால் முழுக்க என் குரல், என் கிடார், பாயின் டோலக்.

திவ்யாவின் கை இறங்கியது. "லேது... இதி மா அம்ம பாட்ட" என்றாள், இது எங்கள் அம்மா பாட்டு என்று. மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. சித்தி முகம் வெளுத்து நின்றாள். முதல் வரிசையில் மாப்பிள்ளையின் அம்மா, பக்கத்தில் இருந்தவரிடம், "ஏனுங்க, அம்மா கட்டுன பாட்டுன்னு புள்ள சொல்லுச்சே, அப்புறம் இதென்னங்க?" என்றார். மெல்லத்தான் கேட்டார். ஆனால் நிச்சயதார்த்த ஹாலில் மெல்லக் கேட்டதுதான் ஊர் முழுக்கப் போகும். யாரோ என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

என் பாட்டுதான் என்று சொன்னால் அந்தப் பெண் பொய்க்காரி. செத்துப்போன அம்மாவும் பொய்க்காரி. போகப்போகிற வீட்டில் முதல் நாளே அந்தப் பெயர். இல்லை, அவள் அம்மா பாட்டுதான், நான்தான் அங்கிருந்து எடுத்துக்கொண்டேன் என்று சொல்லலாம். நல்ல மனசு என்று எனக்கே என்னைப் பிடித்துப் போகும். ஆனால் வீடியோ இருக்கிறது, நாளைக்கு இன்னொருவர் வந்து கேட்பார், அந்தப் பெண் அன்றைக்கு மறுபடியும் உடைவாள். ஏதாவது ஜோக் அடித்துவிட்டு அடுத்த பாட்டுக்குத் தாவலாம். அது எனக்குக் கைவந்த கலை. மூன்றும் பாக்கெட் கண்ணிகள்தான்.

அப்போது பாய் டோலக்கைத் தட்டத் தொடங்கினார். சங்குப் பாட்டின் தாளம். சொல் இல்லாமல், ஒரு முழுச் சுற்று. எனக்கு யோசிக்க நேரம் கொடுக்கிறார் என்று புரிந்தது. அந்தத் தாளத்தைச் சொல்லில்லாமல் கடைசியாக எங்கே கேட்டேன் என்பதும் அதோடு ஞாபகம் வந்தது. சாம்பிராணிப் புகை, பொரிப் பொட்டலம், மடியைப் பார்த்துக் குனிந்த தலைகள்.

சித்தியைக் கூப்பிட்டேன். "இவங்கம்மா எங்க வேலை பாத்தாங்க?"

"இங்கதாங்க, மல்லாபூர்ல. பேக்கிங்ல."

"ஆரஞ்சு கேட்டா?"

"ஆமாங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சுற்று முடிந்தது. நான் மைக்கில் பேசினேன். "முதல் ரெண்டு கண்ணி நான் கட்டினது. மூணாவது நான் கட்டல. எனக்கு வரல. அதனால ஒவ்வொரு ஊர்லயும் கேட்பேன். இதே மல்லாபூர்ல ஆயுத பூஜைக்குக் கேட்டேன், யாரும் பதில் சொல்லல. நாங்க காலியாவே வாசிச்சுட்டு வந்துட்டோம். திவ்யாவோட அம்மா அன்னிக்கு அங்க இருந்திருக்காங்க. பாட்டை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி முடிச்சிருக்காங்க. ஊரெல்லாம் சுத்தி என்னால முடிக்க முடியாததை அவங்க வீட்டுல உக்காந்து முடிச்சிருக்காங்க. எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். அந்தப் பொண்ணு பொய் சொல்லல."

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. இந்த முறை எனக்குப் பயம் வரவில்லை.

மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் பேசினார். "அந்தக் கடைசிதை இன்னொருக்கா பாடு கண்ணு" என்றார். திவ்யா பாடினாள். நான் கிடார் மட்டும் வாசித்தேன். எட்டி நின்னு ஊதிக்கடி என்ற இடத்தில் அந்த அம்மாவும் சேர்ந்து முணுமுணுத்தார். நான் பார்த்தேன்.

அந்த ஆயுத பூஜையில் நான் பாக்கெட் கண்ணியைப் பாடியிருந்தால் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன். அந்தப் பெண்கள் வாய் பொத்திச் சிரித்திருப்பார்கள், எனக்கு மானம் போயிருக்காது, பாட்டு அங்கேயே நிறைந்திருக்கும். திவ்யாவின் அம்மா சோத்து டப்பா கண்ணியைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பாள். ஆகவே, உங்கள் கேள்விக்குப் பதில் இது. முதல் இரண்டு கண்ணிக்கு என் பெயரைப் போடுங்கள். மூன்றாவதற்கு பாக்கியம் என்று போடுங்கள், அவள் பெயர் அதுதான். அவள் கண்ணிக்குப் பிறகு டோலக் மட்டும் ஒரு சுற்று வாசிக்கட்டும். எடிட்டிங்கில் அதை வெட்டினால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

இன்னும் ஒன்று பாக்கி. சாப்பாட்டுப் பந்தியில் திவ்யா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். நிச்சயப் பட்டுப் புடவையோடு, இலையில் ஒன்றும் தொடாமல். "மா அம்ம எக்கட கூர்ச்சுந்தி ஆன்ட்டி?" என்றாள். அன்றைக்கு அம்மா எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று.

எனக்குத் தெரியாது. அந்தக் கூட்டத்தில் ஒரு முகமும் எனக்கு ஞாபகமில்லை. ஆனால் அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது வரிசை, பச்சைப் புடவை, தலையில் கனகாம்பரம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பாட்டுக் கட்டுகிறவளுக்கு அது ஒரு நிமிட வேலை. வாழ்நாள் முழுக்க அவள் அதை வைத்துக்கொள்வாள். பாயைப் பார்த்தேன். நக்கோ என்று சொல்லாமல் அவர் பாட்டுக்கு வடையைப் பிட்டுக்கொண்டிருந்தார். இதை நானேதான் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

"தெரியலம்மா" என்றேன். "நான் பாக்கல."

அவள் தலையை ஆட்டினாள். இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முதல் தடவையாக என்னிடம் தமிழில் பேசினாள், ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி.

"லாஸ்ட்ல இருந்திருப்பாங்க ஆன்ட்டி. கேட் பக்கத்துல. சீக்கிரம் வீட்டுக்கு வரணும்ல, நான் தனியா இருப்பேன்."

சொல்லிவிட்டு, இலையில் இருந்த இனிப்பை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.